மூன்றாம் வளையம்

சங்கை உடைக்க மூன்றாம் வளையத்தில் அடிக்க வேண்டும்,
உச்சியிலிருந்து எண்ணி.
இரண்டில் அடித்தால் கத்தி எட்டாது.
நான்கில் அடித்தால் சதை கிழியும்.
நாசாவ் துறைமுகத்தில், பாலத்தடியில்,
பதினோரு வருடமாக இதுதான் என் படிப்பு.

இன்று என்னை எண்ணுகிறார்கள்.
"மாதவிலக்குத் தொடங்கி எத்தனையாவது நாள்?"
ஒன்பது.
"நல்லது. ஏழுக்கும் பதினாலுக்கும் நடுவில்
மார்பு கொஞ்சம் அமைதியாக இருக்கும்"
என்கிறாள் லட்டீஸ்,
கடலின் நிலவரம் சொல்பவள் போல.

கொண்டை ஊசி, மோதிரம், கொக்கி வைத்த உள்ளாடை
எல்லாம் கழன்றன.
வலது காதுத் தோடு மட்டும் வர மறுக்கிறது.
சோப்பு நீரில் பத்து நிமிடம்.
அம்மாவின் தோடு.
அவள் நாற்பத்தொன்றோடு நின்றுவிட்டாள்.
எனக்கு முப்பத்தெட்டு.
அவளிடமிருந்து இன்னும் என்ன வந்தது என்பதை
ஒரு குப்பி இரத்தத்தில் பார்த்துச் சொன்னார்கள்.
தீவுக்குத் தீவு பிரதி எடுத்த பிழை,
ஒருவரும் திருத்தவில்லை.

காப்பீட்டுக்காரன், நோய் வந்த பிறகு வா என்றான்.
படத்தின் விலை முந்நூற்று இருபது சங்கு.
டாலரில் சொன்னால் எனக்கு வலிப்பதில்லை,
அதனால் சங்கில் எண்ணினேன்.

குப்புறப் படுக்கிறேன்.
மேசையில் இரண்டு குழிகள்.
பிள்ளைக்குப் பால் தந்தவை
பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகின்றன.
கைகள் தலைக்கு மேலே, நீந்தப் போகிறவள் மாதிரி.
ஆனால் அசையக் கூடாது.
உள்ளங்கையில் ஒரு ரப்பர் உருண்டை:
பயம் வந்தால் அழுத்து.

டக் டக் டக்.
பிறகு படகு மோட்டார் பிடிக்காமல் இழுக்கிற சத்தம்.
பிறகு சுத்தியல்,
சத்தியமாகச் சுத்தியல்.
சிரிப்பு வருகிறது. சிரித்தால் படம் கலங்கும்.
எந்த வளையத்தில் தட்டுகிறது என்று
குழாய்க்குள் கிடந்து யோசிக்கிறேன்.

மருந்து ஏறுகிறது,
முழங்கையிலிருந்து தோள்வரை ஐஸ்பெட்டித் தண்ணீர்.
இரத்தம் எங்கே அவசரப்படுகிறதோ
அந்த இடம் வெளிச்சமாகத் தெரியுமாம்.
லட்டீஸ், அவசரப்படாத இடம் என்னிடம் எது?

சங்குக்குள் இருப்பது லேசில் விடாது.
தன் வீட்டை உள்ளேயிருந்து
ஒரே ஒரு தசையால் பிடித்துக்கொண்டிருக்கும்.
துளை வழியே கத்தியை விட்டு அதை அறுத்தால் போதும்,
வழுக்கிக் கையில் வந்துவிடும்.
இதுவரை எல்லாவற்றையும்
நான் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

வெளியே என் தங்கை பிரனெல்.
பெயிண்ட் வாங்க வந்தேன் என்று
எக்சுமாவிலிருந்து தபால் படகில் வந்திருக்கிறாள்.
பெயிண்ட் டப்பா எதையும் காணோம்.
இரத்தம் தரமாட்டேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறவள்.
"நடுக்கடலில் புயல் செய்தி கேட்டு
யாருக்கு என்ன லாபம்?"
என் தோட்டை அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.
விரல்களைப் பிரிக்கிறாள்.
உள்ளங்கையில் அதன் அச்சு, சிவப்பாய்.

"எத்தனை நிமிடம்?"
முப்பத்தைந்து.
"குப்புறவா?"
குப்புறத்தான்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
பேருந்தில் பாதி வழி போனதும்
"முகத்தை எங்கே வைப்பாய்?" என்றாள்.

எட்டாம் நாள் தொலைபேசி.
என் கைகள் சங்கின் வழவழப்பில்.
எலுமிச்சை நறுக்கும் பையன்
போனை என் காதில் வைத்துப் பிடித்தான்.
இடது பக்கம். இரண்டு மணி திசையில்.
நான்கு மில்லிமீட்டர்.
பெரும்பாலும் ஒன்றுமில்லை.
ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம்.

பெரும்பாலும்.
வானிலைக்காரர்களின் சொல்.
அதை நம்பித்தான் எங்கள் ஆட்கள்
விடியலில் படகு தள்ளுகிறார்கள்,
அதைத் திட்டிக்கொண்டே சிலர் திரும்புகிறார்கள்.

யார், என்று பையன் கேட்டான்.
ஆஸ்பத்திரி, என்றேன்.
நான்கு பேருக்குச் சாலட், மிளகாய் தூக்கலாக,
என்றது வரிசை.
அடுத்ததை எடுத்து மடியில் நிறுத்தி
உச்சியிலிருந்து எண்ணுகிறேன்.
ஒன்று.
இரண்டு.